பிரீமியம் மட்டும் போடுகிறவர்

எங்கள் பெட்ரோல் பங்க்கில் ஐந்து பம்புகள். நான்கில் சாதா பெட்ரோல் வரும். ஓரமாக, டயருக்குக் காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்தாவதில் பிரீமியம். அதற்கு வருகிற வண்டிகளை ஒரு நாளைக்கு இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெரும்பாலும் பெரிய கார்கள். கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஃபுல்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நிற்கும். அதை ஓட்டி வருகிறவரை நாங்கள் சத்தம் அண்ணன் என்போம்.

பெயர்க்காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதர் பம்புக்குப் பத்தடி தள்ளியே வண்டியை நிறுத்துவார். இன்ஜினை அணைக்க மாட்டார். இறங்கி, பானட்டைத் தூக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் வா. காதக் குடு. ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலண்ணே."

"நல்லாக் கேளு. உள்ள யாரோ முனகற மாதிரி."

"இல்லண்ணே."

"அப்ப சரி," என்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டியை ஐந்தாவது பம்பு வரைக்கும் கையாலேயே தள்ளிக்கொண்டு வருவார். அதற்குள் இரண்டாவது பம்பில் நிற்கிற ஒல்லி அக்கா சும்மா இருக்க மாட்டாள்.

"எனக்குக் கேக்குதுண்ணே. உங்க வயித்துச் சத்தம். காலையில சாப்டீங்களா இல்லையா?"

அவரும் சிரிப்பார். ஆனால் சிரிக்கும்போதும் கண் வண்டிமேலேயே இருக்கும், காய்ச்சல் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறவர் மாதிரி.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் காரை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிற மூன்று பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் திரும்பக் கூட்டிவருவது அவருடைய நிலையான சவாரி. மற்ற நாளில் கிடைத்தது. அந்த மூவரும் அவரையே நம்பியிருந்தார்கள். ஒரு நாள் தவறினாலும் அவர்களுக்கு உடம்பு வீங்கிவிடும், மூச்சு இரைக்கும். "வண்டி நடுவழியில நின்னா மூணு உசுரு நிக்குது தங்கச்சி," என்பார்.

அவருடைய மனைவி ஒரு தையல் கடையில் பட்டன் கட்டுகிறவர். ஒரு முறை கூட வந்திருந்தார். "எனக்குத் தலைவலின்னா படுத்துக்கோம்பார். வண்டி தும்முச்சுன்னா அன்னைக்கு இவருக்குச் சோறு இறங்காது. மறு பொறப்புல நான் நாலு சக்கரத்தோட பொறந்துக்கறேன்," என்றார். சொன்ன விதம் கேலிதான். ஆனாலும் முந்தானையால் காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் ஏறினார்.

இந்தப் பிரீமியம் பழக்கம் எங்கே பிடித்தது என்று ஒரு மழை நாளில் அவரே சொன்னார். பங்க்கில் கூட்டமில்லை. பதினெட்டு வருஷம் ஒரு கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டியவர் அவர். வெளிநாட்டு வண்டி. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பு எழுத்தில், பிரீமியம் மட்டும் போடவும் என்று எழுதியிருக்குமாம். ஒரு நாள் விமான நிலையத்துக்குப் போகிற அவசரம். வழியில் இருந்த பங்க்கில் பிரீமியம் இல்லை. முள் கீழே கிடந்தது. வேறு வழியில்லாமல் சாதா போட்டுக்கொண்டு கிளம்பினார். பாலத்து ஏற்றத்தில், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல இன்ஜின் சத்தம் போட்டது. பின் சீட்டில் இருந்த முதலாளி பேப்பரை மடக்கி வைத்தார்.

"'என்ன சத்தம் அது?' அப்படின்னு கேட்டார். நான் சொல்லிட்டேன். பொய் சொல்ல வரல. அந்த மாசக் கடைசியில வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போச்சு, இன்ஜினப் பிரிச்சாங்க. எனக்கு, நாளையிலேர்ந்து வர வேணாம்னு ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினார். பதினெட்டு வருஷம். நேர்ல ஒரு வார்த்தை சொல்லல."

வேலை போனபோது கிடைத்த பணத்தில் இந்தச் சின்னக் காரைப் பழசாக வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து பிரீமியம் தவிர வேறு எதுவும் உள்ளே போனதில்லை. ஏழு வருஷம். வண்டி சின்னதுதான். பயம் மட்டும் அந்தப் பெரிய வண்டியோடது.

அது அவருக்குத் தேவையா என்று நான் யோசிக்காமல் இல்லை. பதினான்கு வருஷமாகப் பெட்ரோல் போடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும். ஒரு தடவை மேனேஜரிடம் கேட்டேன். "வாங்கறவங்க வாங்கட்டும்மா, நமக்கென்ன," என்றார். வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். "வண்டிக்கு என்ன நாக்கா இருக்கு, ருசி பாக்க?" என்றார். இரண்டு பதிலிலும் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் பிறத்தியார் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். காலையில் குழாயைக் கையில் எடுக்கும்போது நான் கடவுளிடம் கேட்கிறது ஒன்றுதான்: என் கையால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது. அதற்குமேல் கேட்டதில்லை.

அப்படிக் கேட்டவளுக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

பெட்ரோல் தரைக்கு அடியில் பெரிய டேங்க்குகளில் இருக்கும். டேங்கர் லாரி வந்தால், தரையில் இருக்கிற மூடியைத் திறந்து, லாரியின் குழாயை மாட்டி இறக்குவார்கள். சாதா டேங்க்கின் மூடிக்குப் பச்சை வர்ணம். பிரீமியத்துக்குச் சிவப்பு. லாரி வரும்போது மூடியைத் திறந்து காட்டுவது என் வேலை. மூடிக்குக் கீழே டேங்க்கின் வாய்க்கழுத்திலும் எது என்ன என்று இரும்பில் எழுத்துப் பொறித்திருக்கும். டார்ச் அடித்து அதையும் படித்துவிட்டுத்தான் குழாய் மாட்டச் சொல்ல வேண்டும் என்பது விதி. பதினான்கு வருஷத்தில் முதல் ஆறு மாதம் படித்திருப்பேன். பிறகு பச்சை என்றால் பச்சைதான்.

முந்தின வாரம் தளத்துக்குப் புதிதாகச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தவர்கள், போகும்போது திரும்பப் போட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை லாரியில் சாதா மட்டும்தான் வந்தது. நான் பச்சை மூடியைத் திறந்தேன். இறக்கினார்கள். கையெழுத்துப் போட்டேன். லாரியும் போய்விட்டது.

அரை மணி கழித்து, அளவுக் கம்பியை விட்டுப் பார்த்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"எந்த மூடியத் தொறந்தீங்க?"

"பச்சைதான் சார்."

அவர் பச்சை மூடிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு டார்ச் அடித்தார். நானும் குனிந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள் அவரே சொல்லிவிட்டார்.

"இது பிரீமியம் டேங்க்."

அடியில் கொஞ்சம் பிரீமியம் கிடந்த டேங்க்கில் முக்கால்வாசிக்குச் சாதா போய் விழுந்திருந்தது. மூடியை மாற்றி வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த எழுத்தைப் படிக்காமல் விட்டவள் நான்.

"இப்ப என்ன சார் பண்றது?"

"ஒண்ணும் பண்றதில்ல. அடுத்த பிரீமியம் லோடு வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் இதுவே ஓடட்டும். வெளிய தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். போடறவன் ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது, பாத்துக்கிட்டே இருங்க."

"பாவம் இல்லையா சார்?"

"பாவம்தான். யாரு இல்லேன்னாங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. அன்று மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

செவ்வாய் காலை ஆறு மணிக்கெல்லாம் வெள்ளைக் கார் வந்தது. பானட்டைத் தூக்கினார். கூப்பிட்டார். காதை வைத்தேன். சத்தம் ஒன்றும் இல்லை என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் சாதா போட்டுக்கங்களேன்."

"ஏன், பம்பு ரிப்பேரா?"

"இல்ல… சும்மாதான். அதுவும் நல்லாத்தான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "நீ நல்லவ. ஆனா வண்டி விஷயத்துல மட்டும் எங்கிட்ட விளையாடாத. போடு."

போட்டேன். மீட்டர் ஏறுவதைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். பிரசாதத்துக்குக் கை நீட்டுகிறவர் போல அவ்வளவு பயபக்தியாக நின்றிருந்தார். "ரொம்ப நன்றிம்மா," என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. அந்த ஏற்றத்தில் கூழாங்கல் சத்தம் வருமோ, வண்டி நின்றுவிடுமோ, பின்னால் அந்த மூன்று பேர் என்ன செய்வார்கள் என்று அதே யோசனை. பாக்கிச் சில்லறையை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்தேன். புதன்கிழமை ஒரு பெரிய கார்க்காரர் கண்ணாடியை முழுக்க இறக்கியே பேசினார்.

"உங்க பங்க் பிரீமியம் போட்டாத்தான்மா வண்டி பறக்குது. நேத்து வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது."

உள்ளேயிருந்து மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய வண்டிக்குப் பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கும். எனக்கு அந்த வெள்ளைக் கார்தான் கவலை.

வியாழன் காலையில் நான் லீவு கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் கண்ணில் விழிக்க வேண்டாம் என்றுதான். பத்து மணிக்குமேல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை; மத்தியான நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றரை மணி இருக்கும். நோயாளிகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தார். அது அவர் வருகிற நேரமே இல்லை. பத்தடி தள்ளி நிறுத்தினார். பானட்டைத் தூக்கவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. நானாகப் போனேன்.

"மேட்டுல ஏறறப்ப ஆரம்பிச்சுது தங்கச்சி. அந்த மூணு பேர்ல ஒருத்தர், பின்னாடி உக்காந்திருந்த தபால்காரர் கேக்கறார், 'என்னப்பா, வண்டிக்குள்ள தையல் மிஷின் ஓடுதா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஸ்டியரிங் புடிக்க முடியல."

நானே பானட்டைத் தூக்கிக் காதை வைத்தேன்.

டிக் டிக் டிக் டிக் என்று ஒரே சீராக, உள்ளே யாரோ அவசரமாக ஆணி அடிக்கிற மாதிரி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கும் கேட்டது.

அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதுல்ல?"

"கேக்குதுண்ணே."

இன்ஜினை அணைத்துவிட்டு, சிமெண்ட் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் நான் இல்லை இல்லை என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனிதர் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்ஜினப் பிரிக்கணும்னு சொன்னா ஒரு மாசம் வண்டி நிக்கும். அவங்க வேற வண்டி பாத்துக்குவாங்க, பாத்துத்தானே ஆகணும். போன சவாரி திரும்பி வராது. இந்த வயசுல எனக்கு எவன் வண்டிச் சாவியக் குடுப்பான்?" பிறகு எழுந்தார். "ஒண்ணு பண்ணு. ஃபுல் டேங்க் போட்டுடு. பிரீமியம் நல்லா உள்ள போச்சுன்னா அடங்கிடும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மூடியைத் திறந்துவிட்டார். நான் குழாயை எடுத்தேன். எடுத்தது எடுத்தபடி நின்றேன். கடவுளே, வாயைத் திறக்க வை என்று மட்டும் கேட்டேன்.

"அண்ணே, இது பிரீமியம் இல்ல."

"என்னது?"

"திங்கக்கிழமை லாரி வந்துச்சு. நான் பாக்காம மூடியத் தொறந்துட்டேன். சாதா இதுல இறங்கிடுச்சு. செவ்வாக்கிழமை நான் உங்களுக்குப் போட்டதும் அதுதான். இன்னைக்குக் காலையில வேற யாரோ போட்டதும் அதுதான். தெரிஞ்சுதான் போட்டேன். சொல்லத் தைரியம் வரல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் உள்ளங்கையைக் காரின் கூரைமேல் வைத்தார்.

"அப்ப அதுதான்," என்றார். குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. "மறுபடியும் அதேதான். அன்னைக்கு நானாப் போட்டேன். இப்ப நீ போட்டிருக்க."

"மெக்கானிக் கிட்டப் போலாம்ணே."

"வேணாம்."

"ஏண்ணே?"

"அவன் ஏதாச்சும் சொல்லிடுவான்."

அப்போதுதான் யோசித்தேன். இந்தச் சத்தத்தை அவர் ஊரில் யாரிடம் கேட்கவில்லை? என்னிடம், ஒல்லி அக்காவிடம், டீக்கடைக்காரரிடம், சவாரிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறார். வண்டி விஷயம் தெரிந்தவனிடம் மட்டும் கேட்டதில்லை.

"நானும் வரேன்," என்றேன். "என்னால ஆனது. அவரு என்ன சொன்னாலும் நானும் பக்கத்துல நின்னு கேக்கறேன்." குழாயை ஒல்லி அக்காவிடம் கொடுத்தேன். "போடீ போ, உன் மூஞ்சி மூணு நாளா நல்லாவே இல்ல," என்றாள் அவள்.

இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். மெக்கானிக் கனத்த ஆள். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் வண்டியை நிறுத்தியதும், ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினை ஓட விட்டுக் கேட்டார். காதைக்கூட வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார். நானும் அண்ணனும் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றிருந்தோம்.

"இன்ஜின் ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்றார்.

"மூணு நாளாப் பெட்ரோல்தான் மாறிப்போச்சு," என்றார் அண்ணன். "பிரீமியத்துக்குப் பதிலாச் சாதா."

"நான் ஆயிலக் கேட்டேன்."

அண்ணன் தரையைப் பார்த்தார். "போன வருஷம் மழைக்கு முன்னாடி."

மெக்கானிக் இன்ஜினை அணைத்து, சற்றுப் பொறுத்து, ஆயில் பார்க்கிற கம்பியை உருவினார். துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எங்கள் முன்னால் நீட்டினார். நுனியில் மட்டும் ஒரு பொட்டு. தார் மாதிரி கருப்பு.

"ஆயில் விளக்கு எரிஞ்சிருக்கணுமே?"

"எரியலையே. தெனமும் பாப்பேன்."

மெக்கானிக் சாவியைத் திருப்பிப் பார்த்தார். எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. "பல்பே போயிருக்கு. ஏங்க, இவ்வளவு பொத்திப் பொத்தி வண்டி வெச்சிருக்கீங்க, ஆயில் மாத்த வேணாமா?"

"பிரீமியம் போட்டா உள்ள எல்லாம் சுத்தமா இருக்குமே. சுத்தமா இருந்தா ஆயில் எதுக்குக் கருக்கும்? அதான் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். பிரீமியத்துக்கே சரியாப் போயிடுது."

மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இத யாரு சொன்னாங்க இவருக்கு? உங்க பங்க்லயா?"

"யாரும் சொல்லல," என்றார் அண்ணன். "நானாத்தான் நெனச்சேன்."

மெக்கானிக் காரின் பெட்ரோல் மூடியைத் திறந்தார். உள்பக்கம் ஏழு வருஷத்துத் தூசி. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்ததும் சின்ன ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது. அதில் ஒரு எண். அந்த எண் எனக்குத் தெரியும். எங்கள் முதல் நான்கு பம்புகளிலும் ஒட்டியிருக்கிற எண்தான். அந்த மூடியை எத்தனை நூறு தடவை நான் திறந்திருப்பேன். துடைத்துப் பார்த்தது கிடையாது.

"கம்பெனிக்காரனே சொல்லிட்டான், சாதா போதும்னு. பிரீமியத்துல சத்து அதிகம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. சத்து ரெண்டுலயும் ஒண்ணுதான். பிரீமியம் பொறுமைசாலி, அவ்வளவுதான். உள்ள எவ்வளவு அமுக்கினாலும் நெருப்புப் பொறி வர வரைக்கும் தானா வெடிக்காது. சில பெரிய வண்டி இன்ஜின் பயங்கரமா அமுக்கும், அதுக்கு அந்தப் பொறுமை வேணும். உங்க வண்டி அவ்வளவு அமுக்காது. சாதாவே இதுக்குத் தாங்கும். மூணு நாளாச் சாதாதானே ஓடுச்சு? அதனால ஒண்ணும் ஆகல. இது ஆயில் இல்லாம வந்த சத்தம்."

எனக்கு உடம்பில் இருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் நின்றவர் முகத்தில் அப்படி எதுவும் இறங்கவில்லை.

"அந்த முதலாளி வண்டி?" என்று கேட்டார் அண்ணன். ஓட்டிய காரின் பெயரைச் சொன்னார், நடந்ததையும் சொன்னார்.

மெக்கானிக் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அதுக்குப் பிரீமியம் வேணும், அது நெஜம். ஆனா ஒரு தடவை போட்டதுக்கு இன்ஜினப் பிரிக்கற அளவுக்கு வராதுங்க. ஏற்கெனவே அதுல ஏதோ இருந்திருக்கும்."

"ஓகோ," என்றார் அண்ணன். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய ஆயில் தட்டில் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்தான் வந்தது.

புது ஆயில் ஊற்றி, வடிகட்டி மாற்றி, பல்பு போட்டு ஓட விட்டார்கள். பத்து நிமிஷத்தில் சத்தம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. உன்னிப்பாகக் கேட்டால் மெலிதாக ஒரு டிக் டிக் இருந்தது.

"கொஞ்சம் தேஞ்சிருக்கு," என்றார் மெக்கானிக். "இப்படியே ரெண்டு மூணு வருஷம் ஓடலாம். ஓடாமலும் போகலாம், நான் பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மேட்டுல ஏத்திப் பாருங்க. சத்தம் கூடிச்சுன்னா ஓரங்கட்டிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. குறைஞ்சுதுன்னா கவலை இல்ல. சாதாவே போடுங்க. மிச்சமாகறதுல ஒழுங்கா ஆயில் மாத்துங்க."

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய், ஒருவரிடம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கு. எனக்கு வீட்டு வாடகை இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே எழுந்துபோய், இருப்பு இல்லை என்ற அட்டையை ஐந்தாவது பம்பில் மாட்டினார். மேலிடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். எனக்கு இனி லாரி வேலை கிடையாது என்றார்கள். சரி என்றேன். வேலையை விட்டு எடுப்பார்களா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

சனிக்கிழமை காலை வெள்ளைக் கார் இரண்டாவது பம்பு வரிசையில் வந்து நின்றது. முன்னால் மூன்று பைக்குகள். ஒல்லி அக்கா குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

"சாதா போடு," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு ஐந்தாவது பம்பைத் திரும்பிப் பார்த்தார்.

"பயமா இருக்காண்ணே?"

"இருக்காம? ஏழு வருஷமாத் தெரிஞ்சு ஒண்ணு பண்ணிட்டு இருந்தேன். அது தப்புன்னு ஆயிடுச்சு. இப்ப எத நம்பி மேட்டுல ஏத்தறது?"

"கடவுள் கூட இருப்பார், போயிட்டு வாங்க," என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பங்க்கைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வேண்டும். வழக்கமாக இரண்டே காலுக்குக் கடப்பார். இரண்டே கால் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. வெள்ளையாக எது வந்தாலும் எட்டிப் பார்த்தேன். ஒன்று பால் வண்டி. ஒன்று வேறு யாரோ.

"கழுத்த ரொம்ப நீட்டாத. அப்புறம் உள்ள போகாது," என்றாள் ஒல்லி அக்கா. அவளும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். தனக்குத் தகவல் ஒன்றும் வரவில்லை என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. பிரார்த்தனைகூட ஒழுங்காக வரவில்லை. அந்த மூன்று பேர், அந்த மேடு என்று துண்டு துண்டாகத்தான் வந்தது.

மூன்றே காலுக்கு ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது அது வந்தது. வேகமில்லை, தயக்கமும் இல்லை. உள்ளே தலைகளை எண்ணினேன். நான்கு. தபால்காரர் கண்ணாடியில் தலை சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தையல் மிஷின் சத்தத்தில் மனிதன் அப்படித் தூங்க மாட்டான். ஆஸ்பத்திரியில் அன்று அவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிற மிஷின் கிடைக்கத் தாமதமாகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. காலையில் போட்ட பெட்ரோல் பாதிக்குமேல் இருந்திருக்கும். அண்ணன் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டிவிட்டு, உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அக்கா," என்றார் பைக்கில் வந்தவர். "போதும்க்கா. வழியுது."